மேடைக்கு ஏற்ற மனச்சோர்வு

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அக்டோபர் 10 உலக மனநல நாள். இரண்டுக்கும் நடுவில் வருகிற ஒரு மாதம் நம் பெரிய அலுவலகங்களின் கருணைக் காலம். வரவேற்பறையில் தட்டு நிறையப் பச்சை ரிப்பன் இருக்கும். லிஃப்ட் கதவில் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று ஒட்டியிருக்கும். அந்த லிஃப்டுக்குள் மேனேஜர் ஏறிவிட்டால் எல்லோரும் செல்போனைக் குனிந்து பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு யோகா, நாலரைக்கு பீட்சா. நாலேமுக்காலுக்கு டீம் குரூப்பில் ஒரு மெசேஜ்: ‘யோகாவுக்குப் போனவங்க டெலிவரியை முடிச்சிட்டுக் கிளம்பவும்.’

சில வருடங்களாக இந்தத் திருவிழாவில் புதிதாக ஓர் உற்சவர் சேர்ந்திருக்கிறார். பட்டு அனுபவித்தவர். டாக்டரை அழைத்தால் புள்ளிவிவரம் பேசுகிறார், கூட்டம் தூங்கிவிடுகிறது. அதனால் வாழ்க்கை போதும் என்று முடிவெடுக்கும் இடம்வரை போய்த் திரும்பி வந்த ஊழியர் ஒருவரையே மேடையேற்றி, அவர் வாயாலேயே கதையைச் சொல்ல வைக்கிறார்கள். யோசனை அருமையானது. அதற்கு ஆள் எடுக்கிற அழகைத்தான் சொல்லியாக வேண்டும்.

பெண் பார்க்கும் வீட்டில்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்கள். முதல் பொருத்தம், துன்பம் முடிந்து போயிருக்க வேண்டும். போன வாரம் அழுதவர் ஆகாது; மூன்று வருடத்துக்கு முன் அழுது இப்போது மாரத்தான் ஓடுகிறவர் உத்தமம். இரண்டாவது, காரணம் காம்பவுண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். காதல் தோல்வி, அப்பாவின் சாவு, கொரோனா, குழந்தைப் பருவம், எதுவும் சரி. வேலைதான் காரணம் என்றால் அது அனுபவம் இல்லை, புகார். புகாருக்கு வேறு மெயில் ஐ.டி. உண்டு, அதை யாரும் திறப்பதில்லை. மூன்றாவது, சொந்த முயற்சியில் மீண்டிருக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்தேன், மூச்சைக் கவனித்தேன் என்றால் பேஷ். சம்பளத்தோடு ஆறு மாதம் லீவு கிடைத்தது, அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்றால் சபைக்கு ஆகாது. நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். சங்கத்து ஆட்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள் என்றால் மைக்கே வேலை செய்யாது. நான்காவது, பன்னிரண்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் கண்ணீர் வரலாம், பத்தாவதில் சிரிப்பு வந்துவிட வேண்டும்.

ஐந்தாவது பொருத்தத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செத்திருக்கக் கூடாது.

பொருத்தம் அமைந்ததும் பேச்சுத்தாள் எச்.ஆருக்குப் போகும். அங்கே என்ன பேசிக்கொள்வார்கள் என்று கற்பனை செய்து பார்த்தேன். இது பொய் என்று நிரூபிக்கிறவர்களுக்கு என் பங்கு பீட்சா.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. படிச்சு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. சின்னச் சின்னத் திருத்தம் மட்டும்.”

“சொல்லுங்க மேம்.”

“இங்க ‘ஆறு வாரம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கால்’னு வருது. ‘வாழ்க்கையில ஒரு சவாலான கட்டம்’னு வெச்சுக்கலாமா?”

“அது கட்டம் இல்ல மேம், ரிலீஸ்.”

“புரியுது. ஆனா கிளையன்ட்டும் லைவ்ல பாக்குறாங்க.”

“சரி மேம்.”

“அப்புறம், லீவு கேட்டப்போ ‘நீ மட்டும்தான் கஷ்டப்படுறியா’ன்னு மேனேஜர் கேட்டதா எழுதியிருக்கீங்க.”

“கேட்டார் மேம்.”

“கேட்டிருப்பார். அன்னிக்கு அவர்தான் நன்றியுரை.”

திருத்திய தாளில் கடைசியாக மிஞ்சுவது அம்மாவின் அன்பு, மாலை நடை, ஒரு நாய்க்குட்டி. கைதட்டல் பலமாக இருக்கும். தலைமை அதிகாரி மேடையேறிக் கட்டிப்பிடிப்பார். அந்தப் படம் அன்று இரவே லிங்க்ட்இன்னில் ஏறும். அடுத்த ஏப்ரலில் அப்ரைசல் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ‘நல்ல பையன்தான்... ஆனா பெரிய ப்ராஜெக்ட்டைக் கொடுத்தா தாங்குவானா?’ என்று ஒருவர் கேட்பார். மனம் விட்டுப் பேசியவனின் மனத்தை நிறுவனம் மறக்காமல் கோப்பில் வைத்திருக்கிறது.

பட்டவர் பேசுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்கிற விஷயம் என்பதால்தான் எரிச்சல் வருகிறது. தற்கொலை எண்ணத்தோடு போராடி வேறு வழி கண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த காலங்களில் தற்கொலைகள் குறைந்ததாக ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். மனநோய் மீதான இழிவைக் குறைக்க, அந்த நோயோடு வாழ்கிறவரோடு பழகுவதைப் போலப் பலன் தருவது வேறில்லை என்று 2022இல் லான்செட் ஆணையம் சொன்னது. ‘நானும் அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன், திரும்பி வந்தேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, கடைசி வரிசையில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு நாள் இருக்கலாம் என்று நினைக்கிறார். இவ்வளவு வலிமை உள்ள வார்த்தைகளை வாங்கி, நகம் வெட்டிப் பவுடர் பூசி, பீட்சாவுக்கு முந்தைய நிகழ்ச்சியாக ஆக்குகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஊழியரின் வேதனையை விளம்பரமாகவே ஆக்கிவிட்ட சாதனையும் இந்தியாவுக்கு உண்டு. 2024 டிசம்பரில் நொய்டாவில் இயங்கும் யெஸ்மேடம் என்ற அழகுச் சேவை நிறுவனத்தின் மெயில் ஒன்று சமூக ஊடகங்களில் பரவியது. ஊழியர்களிடம் மன அழுத்தம் பற்றி ஒரு சர்வே எடுத்தோம், கடும் அழுத்தம் இருக்கிறது என்று சொன்னவர்களிடமிருந்து பிரிந்துவிட முடிவு செய்திருக்கிறோம் என்பது அதன் சாரம். நாடு கொதித்தது. பிறகு நிறுவனம் விளக்கம் தந்தது: யாரையும் நீக்கவில்லை, வேலை அழுத்தம் எவ்வளவு தீவிரமான பிரச்சினை என்பதைக் காட்டத் திட்டமிட்டுச் செய்த முயற்சி. கூடவே அழுத்தம் தணிக்க விடுப்பு என்றும் ஓர் அறிவிப்பு. அவர்களைத் திட்டியாகிவிட்டது, போகட்டும். அந்த மெயிலைப் படித்தவர்களில் பலர் ‘இப்படியும் ஒரு கம்பெனி செய்யுமா’ என்று ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அந்த நம்பிக்கைதான் உண்மையான சர்வே. இந்தியாவின் எல்லா எச்.ஆர். துறைகளும் சேர்ந்து அதில் வாங்கிய மதிப்பெண் பூஜ்யம்.

வெள்ளைக்காரன் இதில் நம்மைவிடக் கெட்டி. 2021இல் அமேசான் தன் கிடங்குகளுக்கு ‘அமாஸென்’ என்று ஒரு பெட்டியை அறிமுகப்படுத்தியது. ஓர் ஆள் நுழையும் அளவு, உள்ளே கொஞ்சம் செடி, ஒரு கம்ப்யூட்டர், மனதை அமைதிப்படுத்தும் வீடியோ. ஓடி ஓடிப் பொட்டலம் எடுக்கிறவர் நடுவில் அந்தப் பெட்டிக்குள் போய் நிம்மதி அடைந்து, மறுபடி ஓட வர வேண்டும். ஊர் சிரித்த சிரிப்பில் அந்த விளம்பர வீடியோவை நீக்கிவிட்டார்கள். ஆனால் தத்துவம் நீங்கவில்லை: கோளாறு உன் மண்டைக்குள் இருக்கிறது, ஆகவே மருந்தையும் அங்கேயே தேடு. இந்தத் தத்துவத்தை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் எடைபோட்டார். பிரிட்டனின் 233 நிறுவனங்கள், 46,336 ஊழியர்கள். தியானச் செயலி, தாங்குதிறன் பயிற்சி, அழுத்தம் கையாளும் வகுப்பு போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிடத் தங்கள் நிலை மேம்பட்டதாகச் சொல்லவில்லை. பலன் வேண்டுமென்றால் வேலை நேரத்தையும் வேலைப் பளுவையும் நிர்வாக முறையையும் தொட வேண்டும் என்பதே அதன் பாடம். அதைத் தொடக் காசாகும். பச்சை ரிப்பன் மீட்டர் விலைக்குக் கிடைக்கிறது.

சரி, அந்த ஐந்தாவது பொருத்தத்தில் தள்ளுபடியானவர்களிடம் வருவோம். வேலையிட அனுபவம் அவர்களுக்கும் இருந்தது. அவர்களை மேடைக்கு அழைக்க முடியாது. ஆனால் நீதிமன்றத்துக்கு அழைத்த நாடு ஒன்று இருக்கிறது.

பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் 2006இல் மூன்று வருடத்தில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டம் போட்டது. அங்கே பலர் அரசு ஊழியர் அந்தஸ்து உடையவர்கள். சட்டென்று வெளியே அனுப்ப முடியாது. ஆகவே தானாகப் போக வைக்க வேண்டும். தூரத்து ஊருக்கு மாற்றல், தெரியாத வேலை, வேலையே தராமல் உட்கார வைத்தல். ஜன்னல் வழியோ கதவு வழியோ எப்படியும் ஆளைக் குறைப்பேன் என்று தலைமை அதிகாரி தன் மேலாளர்களிடம் சொன்னார். சாவுகள் தொடர்ந்து வந்தபோது 2009இல் அதை ஒரு ‘ஃபேஷன்’ என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2019இல் பாரிஸில் நடந்த வழக்கு 39 பேரின் நிலையை விரிவாக ஆராய்ந்தது. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள், எட்டுப் பேர் மனச்சோர்வில் விழுந்தவர்கள். என் சாவுக்கு என் வேலையே காரணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர்களில் உண்டு. எந்த எச்.ஆரும் அந்தத் தாளில் திருத்தம் போட முடியவில்லை. குடும்பங்கள் நேரில் வந்து நின்று பேசின. அந்த டிசம்பரில் தலைமை அதிகாரிக்குச் சிறைத் தண்டனை, நிறுவனத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதமான 75,000 யூரோ. மேல்முறையீட்டில் சிறை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கொள்கையே ஊழியர்களைத் துன்புறுத்தும் குற்றமாக முடியும் என்ற தீர்ப்பை 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பன்னிரண்டு நிமிடப் பேச்சு எதுவும் இதுவரை செய்யாத காரியம் இது.

ஜப்பானில் டென்சு என்று ஒரு பெரிய விளம்பர நிறுவனம். 1991இல் அங்கே 24 வயது ஊழியர் ஒருவர் ஓயாத வேலையால் உடைந்து உயிரை விட்டார். நிறுவனமே பொறுப்பு என்று 2000இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்த வேலையைச் செத்தாலும் விடாதே என்ற பொருளில் ஒரு விதி, அதன் பிறகும் அவர்கள் ஊழியர் கையேட்டில் இருந்தது. 2015 டிசம்பரில் இன்னொரு 24 வயது ஊழியர், ஒரு பெண், அதே நிறுவனத்தில் அதே வழியில் போனார். மாதம் நூறு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை. நீதிமன்றம் போட்ட அபராதம் ஐந்து லட்சம் யென். அன்றைய நம் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய்கூடத் தேறாது. அந்தச் சாவுக்குப் பின் அலுவலக விளக்குகளை இரவு பத்து மணிக்கு அணைத்தார்கள். கையேட்டிலிருந்து அந்த விதியையும் எடுத்தார்கள். அந்த ஊரிலும் சட்டத்தை அசைத்தவர்கள் மேடைப் பேச்சாளர்கள் இல்லை. வேலைச் சாவுகளில் பிள்ளையை, கணவனை இழந்தவர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்து வாங்கி, எம்.பி.க்களின் வாசலில் நின்று, 2014இல் அதிக வேலைச் சாவுகளைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள்.

நம் ஊரில் அந்தக் கவலையே இல்லை. இங்கே வேலையால் யாரும் சாவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நாடு முழுவதும் 1,64,033 தற்கொலைகள், தமிழ்நாட்டில் மட்டும் 18,925. காரணம் என்ற பட்டியலில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு, 33.2 சதவீதம். வேலை, தொழில் தொடர்பான பிரச்சினை என்ற கட்டத்தில் விழுவது மிகச் சிறு பங்கு. எப்படி விழும்? ராத்திரி ரெண்டு மணிக்கு கால் முடித்து வருகிறவன் வீட்டில் எரிந்து விழுகிறான், மறுநாளும் எரிந்து விழுகிறான், பேச்சு நின்றுபோகிறது. ஏதாவது ஆகிவிட்டால் ஸ்டேஷனில் எழுதுகிறவர் கேட்கும் கேள்வி, ‘வீட்டுல ஏதாவது சண்டையா?’ உண்டு என்று அழுதுகொண்டே மனைவி சொல்கிறாள். முடிந்தது. கம்பெனி காரணம் என்று ஆகாமல் தப்பியது. பழியை அவள் வாழ்நாள் முழுதும் சுமப்பாள். இரங்கல் மெயிலில் ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று நாசூக்காக ஒரு வரி சேரும்.

அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. அந்த வருடம் அப்படி இறந்தவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர். அவர்களுக்கு எச்.ஆர். இல்லை, டவுன் ஹால் இல்லை, மனநல வாரம் இல்லை. வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை என்பதுதான் அவர்களுடைய விடுப்புக் கொள்கை. ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் விழா நடக்கும்போது நாற்காலி போடுகிறவர், ஏசியைச் சரிசெய்கிறவர், பீட்சா டப்பாவைப் பொறுக்குகிறவர் எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். உள்ளே மனம் விட்டுப் பேசச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டே அவர்கள் குப்பைப் பையைக் கட்டுவார்கள். மனம் வைத்துக்கொள்ளவே இங்கே ஐ.டி. கார்டு வேண்டும்.

அனுபவம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று தெரிய வேண்டுமா? தி.நகருக்குப் போங்கள். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்த பெண்களின் கால் வீக்கமும் முதுகுவலியும் பெரிய விழா எதிலும் உரையாற்றவில்லை. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடியதில் 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இடம் தர வேண்டும் என்றது. எத்தனை கடைகள் உண்மையில் ஸ்டூல் போட்டிருக்கின்றன என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஆனால் கேட்பதற்கு இன்று ஒரு சட்டம் இருக்கிறது. அதே தமிழ்நாடு 2023 ஏப்ரலில் ஒரே நாளில் 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தத்தையும் நிறைவேற்றியது. சங்கங்கள் கொந்தளித்த பிறகு மே நாளில் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நெருக்கிப் பிடித்தால் மாறும் என்பதற்கு இரண்டும் சாட்சி.

நெருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. வாரம் 70 மணி நேரம் உழையுங்கள் என்றார் ஒரு பெரியவர். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரத்துக்கு ஏலத்தை ஏற்றினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தவும் செய்தார். இந்த வருத்தத்துக்கு எந்த ஹெல்ப்லைன் என்று தெரியவில்லை.

மற்ற வருத்தங்களுக்கு இருக்கிறது. ஒன்றிய அரசின் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா, 044-24640050. இதைப் படிக்கிறவருக்கு அந்த எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்தி, முதலில் அழைத்துப் பேசுங்கள். என் கோபம் காத்திருக்கும். 2017 மனநலச் சட்டத்தின்படி முயன்று தப்பியவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்படுவார். அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டமும், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவைக் கைவிட்டது. ஆனால் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க அப்படி முயன்றால் ஓர் ஆண்டுவரை சிறை என்று புதிதாக ஒரு பிரிவை மறக்காமல் சேர்த்தார்கள். அறைக்குள் வரும் விரக்தி நோய். கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரும் விரக்தி குற்றம்.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது, ஒரு லட்சம் கோடி டாலர் நஷ்டம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது. எல்லா அலுவலகத்துச் சுவரிலும் ஏறியது இந்தக் கணக்குதான். மனிதர்களைப் பற்றிய ஒரு கணக்கை நான் கேட்கிறேன்.

பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள், வேலையிடத்தில் எத்தனை பேர் காயம்பட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்கிறது செபி. அந்தப் படிவத்தில் தற்கொலைக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஒரு கட்டம் போடுங்கள். சம்பளப் பட்டியலில் இருப்பவர், கான்ட்ராக்டில் இருப்பவர் எல்லோரையும் சேர்த்து எண்ணுங்கள். கடைசி மூன்று மாதம் அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், லீவு கேட்டாரா, கொடுத்தீர்களா, அவருடைய மேனேஜருக்கு அந்த வருடம் பதவி உயர்வு உண்டா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். குடும்பத்தாரிடமும் பிழைத்து வந்தவரிடமும் அதைப் படிக்கக் கொடுத்து, சரிதான் என்று கையெழுத்து வாங்கிய பிறகு பங்குதாரர்களுக்கு அனுப்புங்கள். டார்கெட் போடுகிற கூட்டத்தில் அவர்களையும் உட்கார வையுங்கள்.

அதைச் செய்கிற நிறுவனம் அக்டோபரில் மேடை போடட்டும். மற்றவர்கள் ரிப்பனையும் மைக்கையும் மூடி வைத்துவிட்டு, ஆறு மணிக்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் போதும்.